கையெழுத்துப் போடும் முன்: குடல் எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சிகிச்சை

(பெண்கள் உடல்நலம் குறித்த பொதுக்கூட்டம் ஒன்றில் குடல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் குடல் அறுவை மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருக்கும். மாதவிலக்கு வலியைப் பற்றிப் பேச இவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் குடல்வரை இறங்கிவிட்டால், அறுவை அரங்கில் மகளிர் நோய் மருத்துவருக்கு எதிரே நிற்க வேண்டியவர் என்னைப் போன்ற ஒருவர்தான். அப்படி நிற்கும்போது நாங்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. புற்றுநோயில், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றினால்தான் உயிர் தங்கும். எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அல்ல. இதில் எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதற்கு அளவுகோல் அந்தப் பெண்ணின் வாழ்க்கை. அவளுக்கு எந்த வலி தாங்க முடியாதது, குழந்தை வேண்டுமா, எந்தக் குறையோடு அவளால் காலம் தள்ள முடியும் என்பதைக் கேட்காமல் இந்த அறுவையைத் திட்டமிடவே முடியாது. கேட்டால் பதில் சொல்ல அவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கருப்பையின் உள்சுவரில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் படலம் ஒன்று இருக்கிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் வயிற்றின் உட்சவ்விலும் குடலிலும் வேர் பிடிப்பதுதான் இந்த நோய். மாதவிலக்கின் சுழற்சிக்கு ஏற்ப அதுவும் வீங்கும், கசியும். வெளியேற வழியில்லாததால் சுற்றியுள்ள இடம் புண்ணாகி, தழும்பாகி, ஓர் உறுப்போடு இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேர் இதோடு வாழ்வதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏன் வருகிறது? மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது என்று அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். அந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோயோ சிலருக்குத்தான் வருகிறது. ஆகவே விளக்கம் அதோடு முடியவில்லை. மரபணு, நோய் எதிர்ப்பு மண்டலம் என்று ஆராய்ச்சி தொடர்கிறது. நோயாளி ஏதோ தவறாகச் சாப்பிட்டதாலோ, ஓடியாடி விளையாடியதாலோ, தாமதமாகத் திருமணம் செய்ததாலோ வந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த நோய் உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்குத்தான் அது குடலில் இறங்குகிறது. இறங்கினால் மிகப் பெரும்பாலும் மலக்குடலிலும், அதற்கு மேலே பெருங்குடலின் கடைசி வளைவிலும்தான். கருப்பைக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதி அது. குடல்வால், சிறுகுடலின் கடைசிப் பகுதி ஆகியவற்றிலும் வரலாம்.

இந்த நோயாளிகள் சொல்லும் ஒரு வார்த்தை முக்கியமானது. "அந்த மூணு நாளும் பாத்ரூம் போகவே பயமா இருக்கு டாக்டர்." மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே கத்தியால் குத்துவதுபோல வலி, வயிறு உப்புசம், சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, உட்கார்ந்தால் ஆசனவாய்க்குள் இழுப்பது, உடலுறவில் ஆழத்தில் வலி. சிலருக்கு அந்த நாட்களில் மட்டும் மலத்தோடு ரத்தம். இதை எத்தனை பெண்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? மாதவிலக்கைப் பற்றிப் பேசுவதே நம் வீடுகளில் அடங்கிய குரலில்தான். மலம் பற்றிய பேச்சு அதற்கும் கீழே. சொன்னால் மூலம் என்கிறார்கள், சூடு என்கிறார்கள், மோர் குடிக்கச் சொல்கிறார்கள். மருத்துவரிடம் போனால் குடல் எரிச்சல் நோய் என்று மாத்திரை எழுதுகிறார்கள். அம்மாவோ பாட்டியோ, "பொம்பளைன்னா அப்படித்தான், கல்யாணமானா சரியாப் போயிடும்" என்கிறார்கள். கல்யாணமானபின், "ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்." குழந்தைப்பேறு இந்த நோய்க்கு மருந்தல்ல, நோயைத் தீர்ப்பதற்காகக் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. நோயறிதல் இப்படித் தள்ளிப்போவது நமக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. பிரிட்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்று 2020இல் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, நோய் இன்னதென்று தெரிய அங்கே சராசரியாக 8 ஆண்டு ஆனது தெரியவந்தது.

என்னிடம் வரும் பெண்களில் பலர் கொலனோஸ்கோப்பி அறிக்கையைக் கையில் வைத்திருப்பார்கள். "எல்லாம் நார்மல்" என்று அதில் இருக்கும். அந்த அறிக்கை பொய்யில்லை. கொலனோஸ்கோப்பி குடலின் உட்புறத்தைப் பார்ப்பது. எண்டோமெட்ரியோசிஸ் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கித் துளைத்து வருவது. பெரும்பாலும் தசைச் சுவரில் நின்றுவிடும், உள்படலம் வரை வருவது அரிது. ஆகவே அந்தச் சோதனை சரியாக இருந்தால் புற்றுநோய் இல்லை என்று நிம்மதி அடையலாம். எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இதைக் காட்டிக் கொடுப்பவை இரண்டு: பழகிய கை செய்யும் யோனிவழி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்ப்பது, செய்தால்தான் உறுதி என்றிருந்தது. இப்போது படங்களே போதுமான அளவு தெளிவாக இருப்பதால், வெறும் கண்டறிதலுக்காக வயிற்றைத் துளைப்பது குறைந்து வருகிறது. திருமணமாகாத பெண்ணுக்கு யோனிவழி ஸ்கேன் செய்ய நம் ஊரில் குடும்பமும் தயங்கும், ஸ்கேன் சென்டரும் தயங்கும். அதற்காக வெறும் வயிற்று ஸ்கேனோடு நிறுத்திவிட்டால், 'சாக்லேட் கட்டி' என்று நாம் சொல்லும் சினைப்பைக் கட்டி தெரியும், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் குடல் முடிச்சு, அதாவது குடல் சுவரில் திரண்ட நோய்த்திசு, தெரியாது. எம்.ஆர்.ஐ. செய்யலாம், அல்லது ஆசனவாய் வழியே ஸ்கேன் செய்யலாம். இரண்டும் இளம்பெண்களுக்குப் பொருந்தும். கேட்டு வாங்குங்கள். படம் சரியாக எடுக்காமல் அறுவைக்குப் போவது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் போவது. அங்கேதான் பெரும்பாலான சங்கடங்கள் தொடங்குகின்றன.

சரி, முடிச்சு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே அறுவையா? பெரும்பாலும் இல்லை. குடலில் முடிச்சு இருந்தும் தொந்தரவே இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொடத் தேவையில்லை, கண்காணித்தால் போதும். வலி உள்ளவர்களுக்கு டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் பலருக்கு நல்ல நிம்மதி தருகின்றன. அவை முடிச்சைக் கரைத்து அழிக்காது. மாதவிலக்கை நிறுத்தி நோயை அடக்கி வைக்கும். இடையிடையே சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம், தலைவலி வரலாம், மனம் சோர்ந்து போகலாம். அதைச் சொல்லாமல் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுகிறார்கள். "ஹார்மோன் சாப்பிட்டா பின்னால குழந்தையே பிறக்காது" என்ற பயமும் பரவலாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சுழற்சி திரும்பும். ஆனால் மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்க முடியாது என்பதால், இப்போதே குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்த வழி உதவாது.

அறுவை தேவைப்படுவது எப்போது? மருந்துக்கு வலி அடங்காதபோது, மருந்தை உடம்பு ஏற்காதபோது, குடல் சுருங்கி அடைப்பு வரும் நிலையில். இன்னொன்றும் உண்டு, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குடலுக்குப் பக்கத்திலேயே சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. நோய் அதை நெரித்தால் மேலே சிறுநீரகம் வீங்கும். பல பேருக்கு இடுப்பில் வலிகூட இருக்காது. சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகம் செயலிழந்துபோகும். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர் எல்லோருக்கும் இரண்டு சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். சில நிமிட வேலை. அது விடுபட்டுப்போன அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

இப்போது அறுவைக்கு வருகிறேன். "குடல் ஆபரேஷன்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் மூன்று வகை உண்டு. முடிச்சு குடல் சுவரின் வெளிப்பரப்போடு நின்றிருந்தால், மாங்காயின் தோலில் உள்ள கரும்புள்ளியைச் சீவுவதுபோல, குடலைத் திறக்காமல் சீவி எடுப்பது ஒன்று. முடிச்சு தசைக்குள் இறங்கியிருந்து, ஏறக்குறைய 3 செ.மீ.க்குள் அடங்கி, குடலின் சுற்றளவில் பாதியைத் தாண்டாமல் இருந்தால், அந்த வட்டத்தை மட்டும் முழுத் தடிமனோடு எடுத்துவிட்டுச் சுவரை மூடுவது இரண்டாவது. பெரும்பாலும் ஆசனவாய் வழியே செலுத்தும் வட்ட ஸ்டேப்ளர் ஒரே அழுத்தலில் வெட்டி, தைத்தும் விடும். முடிச்சு பெரிதாக இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்டவை வரிசையாக இருந்தால், குடல் குறுகிப் போயிருந்தால், அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைப்பது மூன்றாவது. மூன்றையும் லேப்ராஸ்கோப்பியிலோ ரோபாட் துணையோடோ செய்யலாம். எந்திரம் எது என்பதைவிட அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதுதான் முக்கியம்.

இவற்றில் எது நல்லது என்று அறுவை மருத்துவர்களுக்குள் நீண்ட காலமாக வாதம் நடக்கிறது. பிரான்சில் ரூவான் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஹொரேஸ் ரோமன் குழுவினர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மலக்குடலில் நோய் உள்ள 60 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குடலைக் காப்பாற்றும் அறுவை, மறுபாதிக்குக் குடலை வெட்டி இணைக்கும் அறுவை என்று செய்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. 2 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மலம், சிறுநீர் தொடர்பான செயல்பாட்டில் இரு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இணைத்த இடம் சுருங்கிப்போவது வெட்டி இணைத்த பக்கத்தில்தான் இருந்தது. வலியும் வாழ்க்கைத் தரமும் இரு பக்கத்திலும் மேம்பட்டன. அதே சமயம் மலச்சிக்கலோ, அடிக்கடி மலம் போவதோ, சிறுநீர் தடையோ ஏதாவது ஒரு குறை இரு பக்கத்திலும் கணிசமானவர்களுக்கு இருந்தது. இந்தக் கடைசி வரியை நோயாளிகளிடம் சொல்லாமல் விடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. வலி குறையும், அதோடு குடலும் முன்பு இருந்ததுபோலவே ஆகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. எனக்குத் தனிப்பட்ட முறையில், குடலைக் காப்பாற்ற முடியுமென்றால் காப்பாற்றுவதே சரி. புற்றுநோய்க்கு வெட்டிப் பழகியவர்கள் இதிலும் நீளமாக வெட்டினால் நிறைவு அடைகிறோம். அந்த நிறைவு நமக்குத்தான், நோயாளிக்கு அதில் ஆதாயம் குறைவு.

ஆபத்துகளையும் பெயர் சொல்லியே சொல்கிறேன். முதலாவது, இணைத்த இடத்தில் கசிவு. வெட்டி இணைக்கும் அறுவையில் 100 பேரில் சிலருக்கு இது நேரும். இணைப்பு ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆபத்து கூடும். பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள், சில நேரம் வீட்டுக்குப் போனபின், காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி என்று தொடங்கும். இரண்டாவது, மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்து, காற்றோ மலமோ யோனி வழியே வருவது. சீவி எடுக்கும் முறையில் இது மிக அரிது. மற்ற இரண்டிலும் அதைவிடக் கூடுதல். இரண்டுமே மறுபடி அறுவை அரங்குக்குப் போக வைக்கக் கூடியவை.

அதனால்தான் சிலருக்கு வயிற்றில் தற்காலிகப் பை வைக்கிறோம். சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, மலம் அதன் வழியே பையில் விழச் செய்வது. மருத்துவ மொழியில் ஸ்டோமா. கீழே இணைத்த இடம் ஆறும்வரை அதற்கு ஓய்வு. எல்லோருக்கும் இது தேவையில்லை. முடிச்சு மிகக் கீழே இருந்தாலோ, குடலோடு யோனியையும் திறக்க நேர்ந்தாலோதான் பெரும்பாலும் யோசிக்கிறோம். வழக்கமாக 2, 3 மாதங்களில் இன்னொரு சிறிய அறுவையில் மூடிவிடலாம். "பை" என்று சொன்னதும் அழாத நோயாளியை நான் பார்த்ததில்லை. அந்த அழுகை மயக்கம் தெளிந்த பிறகு வரக் கூடாது, முன்பே வந்துவிட வேண்டும். பை வரக்கூடும் என்றால், முந்தின நாளே நோயாளியை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, புடவைக் கொசுவமும் சுடிதார் நாடாவும் எங்கே கட்டுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தைத் தவிர்த்து மை வைக்க வேண்டும். படுக்க வைத்துக் குறித்தால் எழுந்து நின்றதும் அது மடிப்புக்குள் போய்விடும், பை ஒட்டாது. பையில் விழுவது தண்ணீராக இருக்கும், உடம்பில் உப்பும் நீரும் வேகமாக இறங்கும். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பது, ஓ.ஆர்.எஸ். கரைசல், சுற்றியுள்ள தோலைக் காய்ந்தபடி வைத்திருப்பது ஆகியவற்றை வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆபத்து சிறுநீர்ப்பை. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் உணர்வைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்புகள் நோய் இருக்கும் அதே இடத்தின் வழியாகத்தான் போகின்றன. அவற்றைத் தனியே பிரித்தெடுத்துக் காப்பாற்றும் முறையை இத்தாலியில் வெரோனாவுக்குப் பக்கத்திலுள்ள நெக்ரார் மருத்துவமனையினர் வகுத்துப் பரப்பினார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், யூரின் டியூபை எடுத்த பிறகு சிலருக்குச் சிறுநீர் தானாக வராது. அப்போது மெல்லிய குழாய் ஒன்றைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொடுப்போம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். ஒரு சிலருக்கு நீண்ட காலம் தொடரும். இருபது முப்பது வயதுப் பெண்ணுக்கு இது சிறிய விஷயமில்லை. கையெழுத்துக்கு முன்னால் அவள் காதில் விழுந்திருக்க வேண்டிய வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு இன்னொன்றும் வரலாம். மலக்குடல் சேமித்து வைக்கும் இடம். அதன் நீளம் குறைந்தால் அடக்கி வைக்கும் சக்தி குறையும். காலையில் நான்கைந்து தடவை போக வேண்டியிருக்கும், அவசரம் என்றால் உடனே ஓட வேண்டியிருக்கும், போய் வந்தபின்னும் முழுதாகப் போகாத உணர்வு இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் படிப்படியாகத் தணியும். இசப்கோல், உணவில் மாற்றம், இடுப்புத் தளத் தசைப் பயிற்சி ஆகியவை உதவும். பேருந்தில் இரண்டு மணி நேரம் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணுக்கும் இந்தக் குறை ஒன்றல்ல. அதனால்தான் தொடக்கத்தில் சொன்னேன், அவளைக் கேட்காமல் திட்டம் போட முடியாது என்று.

குழந்தை பற்றி. குடல் முடிச்சை எடுத்தால் கருத்தரிப்பு கூடுமா? ரூவான் ஆய்வில் குழந்தை விரும்பிய பெண்களில் பெரும்பாலோர் பின்னர் கருத்தரித்தார்கள், அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இயற்கையாகவே. ஆனால் அறுவையே செய்யாத குழு அந்த ஆய்வில் இல்லை, ஆகவே அந்தப் பெருமை முழுவதையும் அறுவைக்குக் கொடுக்க முடியாது. வலி அதிகம், குழந்தையும் வேண்டும் என்றால் அறுவைக்கு நியாயம் உண்டு. வலியே இல்லை, குழந்தை மட்டும் வேண்டும் என்றால் குடலை வெட்டும் முன் பலமுறை யோசிக்க வேண்டும். வயதையும், சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் இருப்பையும், கணவரின் விந்துச் சோதனையையும் பார்க்காமல் இந்த முடிவை எடுக்கவே கூடாது.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிடும்" என்ற பேச்சையும் தொட்டாக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருக்கும் நோய். குடல் முடிச்சை அப்படியே விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தால், மாதவிலக்கு நிற்கும், மலம் கழிக்கும் வலி நிற்காமல் போகலாம். சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்தால் இளவயதிலேயே மாதவிலக்கு முற்றாக நின்று, எலும்பும் இதயமும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இதோடு சேர்த்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2008 ஜனவரியில் வந்தது. திருமணமாகாத, நடுத்தர வயதுப் பெண் ஒருவர், என்ன கோளாறு என்று பார்ப்பதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்து மயக்கத்தில் இருந்தார். உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் கடுமையாக இருப்பதைப் பார்த்த மருத்துவர், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, தானே முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்த பெண்ணுக்காக அவளுடைய தாயும் ஒப்புதல் தர முடியாது என்றது. அந்த மருத்துவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். கேள்வி அது இல்லை. எதிர்பார்த்ததைவிட நோய் அதிகமாக இருந்தால் வயிற்றை மூடிவிட்டு, நோயாளி தெளிந்த பிறகு பேசி, இன்னொரு நாள் முழு ஆயத்தத்தோடு செய்யலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் படிவத்தை நீங்களே படியுங்கள். அப்பாவோ கணவரோ போட்டால் போதாது. "தேவைப்பட்டால் குடல் அறுவை, தேவைப்பட்டால் ஸ்டோமா" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் "தேவைப்பட்டால்" எந்த நிலையில் என்று கேளுங்கள். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுதித் தாருங்கள். மூன்று முறைகளில் எதைத் திட்டமிட்டிருக்கிறார்கள், ஏன், குடல் அறுவை மருத்துவர் தொடக்கத்திலிருந்தே அரங்கில் இருப்பாரா, நடுவில் சிக்கல் வந்தால் அழைப்பார்களா, இதே அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள், கசிவு நேர்ந்தால் அதே மருத்துவமனையில் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதால் கோபப்படும் மருத்துவரிடம் குடலை ஒப்படைக்க வேண்டாம். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டேப்ளர் விலை அதில் அடங்குமா, பை வைத்தால் அதை மூடும் இரண்டாவது அறுவையும் அடங்குமா, உங்கள் காப்பீடு எதை ஏற்கும் என்பதெல்லாம் பணம் கட்டும் ஜன்னல் முன்னால் நின்று தெரிந்துகொள்ளும் விஷயங்கள் அல்ல.

அறுவைக்கு முந்தைய வாரங்களில் ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டும். மாதந்தோறும் அதிக உதிரம் போகும் நம் பெண்களில் பலர் குறைந்த ஹீமோகுளோபினோடுதான் வருகிறார்கள். முந்தின நாள் நீராகாரம் மட்டும், சில மருத்துவமனைகளில் குடலைச் சுத்தம் செய்யும் கரைசலும் இருக்கும். விழித்தெழும்போது தொண்டை கரகரக்கும். மூக்கிலோ வயிற்றிலோ ஒரு குழாய் இருக்கலாம். யூரின் டியூப் இருக்கும். தோள்பட்டை வலிக்கும். வயிற்றுக்குள் செலுத்திய வாயு செய்யும் வேலை அது, இரண்டு நாளில் போய்விடும். அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். "பச்சை உடம்பு, ஆட்டாதீங்க" என்று உறவினர்கள் தடுப்பார்கள். நடக்காமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும், குடல் விழிக்கவும் தாமதமாகும். காற்றுப் பிரியும்வரை வாயில் தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் இப்போது தளர்ந்துவிட்டது. பல இடங்களில் முதல் நாளிலிருந்தே நீராகாரம் தொடங்கி, கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று ஏற்றுகிறார்கள். சீவி எடுத்தவர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். வெட்டி இணைத்தவருக்கு ஏறக்குறைய ஒரு வாரம். முதல் மலத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். கட்டியாக, தொடர்ந்து வந்தால் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், நிற்காத வாந்தி, கூடும் வலி, யோனி வழியே காற்று அல்லது மலம் என்று எது வந்தாலும், நடு இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், சிலிண்டர், கிரைண்டர் கல், இடுப்புக் குழந்தை எல்லாம் அதில் சேரும். மாமியார் வீட்டில் ஒரு மருமகள் ஆறு வாரம் குடம் தூக்காமல் இருக்க வேண்டுமென்றால், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், கேட்க வேண்டியவர் குடும்பத்தில் முடிவெடுப்பவர். அதேபோல, யோனியில் தையல் இருந்தால் ஆறிவிட்டதா என்று பரிசோதித்துச் சொல்லும்வரை, வழக்கமாக 6 முதல் 8 வாரம், உடலுறவு கூடாது. இதைப் பல பெண்களால் கணவரிடம் சொல்ல முடிவதில்லை. நான் கணவரை அழைத்து நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அறுவைக்குப் பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மாதவிலக்கு வலிக்கக் கூடும். அறுவை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, உள்ளே புண் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் வலி இருந்தால் காரணம் தேட வேண்டும். கருப்பையின் தசைச் சுவரிலேயே இதே போன்ற நோய் தனியாக இருக்கலாம். பல ஆண்டு வலியில் இறுகிப்போன இடுப்புத் தசைகள் தளராமல் இருக்கலாம். நரம்புகளே வலிக்குப் பழகிப்போயிருக்கலாம். இவற்றுக்கு இன்னொரு அறுவை தீர்வல்ல; பிசியோதெரபியும் வலி மருத்துவமும்தான். உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். ஆபரேஷன் செய்தாயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டோடு திருப்தி அடையாதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதிய அறுவைக் குறிப்பு, எடுத்த திசுவின் பயாப்சி அறிக்கை, பதிவு செய்திருந்தால் வீடியோ, அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. என்று நான்கையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்து யாரிடம் போனாலும் அந்தக் கோப்பு இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால், வாசல் மேசையில் சீட்டும் பேனாவும் வைத்திருக்கிறார்கள். பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒன்று விடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.